மாமா, மகாதீர், சைனா மால்

நம்ம கடை மதுரை விளக்குத்தூண் பக்கத்துல ஒரு சந்துக்குள்ள இருக்கு. ஃபேன்சி ஸ்டோர். ஹேர் கிளிப்பு, பொம்மை, சீரியல் லைட்டு, கார்ல வைக்கிற சாமி சிலை, கல்யாணத்துக்கு குடுக்குற ரிட்டர்ன் கிஃப்ட்டுன்னு பத்து ரூபால இருந்து ஐநூறு ரூபா வரைக்கும் எல்லாம் கெடைக்கும், அதுல பாதிக்கு மேல சைனா மால்தான், இத மறைச்சு என்ன ஆகப்போகுது. 2020-ல கல்வான்ல சண்டை நடந்துச்சுல்ல, அப்ப கடைக்கு வர்றவய்ங்க எல்லாம் "அண்ணே இது சைனாவா"ன்னு கேப்பாய்ங்க, ஆமான்னு சொன்னா கைல எடுத்தத கீழ வச்சிட்டு போயிருவாய்ங்க. தீபாவளி நெருங்குனதும் அதே ஆளுங்க வந்து "அந்த முப்பது ரூபா சீரியல் செட்டு இல்லையாண்ணே, இது என்ன தொண்ணூறு சொல்றீங்க"ன்னு நின்னாய்ங்க. அதுல இருந்து எந்த ஊர்த் தலைவரு சைனாவ திட்டுனாருன்னு நியூஸ் வந்தாலும் நான் அடுத்த தீபாவளி வரைக்கும் பொறுத்துத்தான் பாக்குறது.

இப்ப மலேசியா பத்தி எழுதுறதுக்கு காரணம் எங்க மாமா. அப்பாவோட அக்காவ கட்டுனவரு. எங்க ஊரு மேலூர் பக்கம், அந்தக் காலத்துல அங்க இருந்து ரப்பர் எஸ்டேட்டுக்கு கப்பல் ஏறுன குடும்பங்கள்ல மாமா குடும்பமும் ஒண்ணு, மாமா பொறந்ததே அங்கதான். கிள்ளான்ல இருந்து காப்பார் போற ரோட்டுல வீடு. லாரி ஓட்டிட்டு இருந்தாரு, இப்ப வயசாயிருச்சு, ஒரு சீனத் தவுக்கே கடைல கணக்குப்புள்ள மாதிரி உக்காந்திருக்காரு. தவுக்கேன்னா அங்க மொதலாளி. பணத்த வெள்ளின்னுதான் சொல்லுவாரு, ரிங்கிட்டுன்னு ஒரு தடவ கூட அவர் வாயில வந்து நான் கேட்டதில்ல.

2023 டிசம்பர்ல இருந்து இந்தியாக்காரங்களுக்கு விசா வேணாம், முப்பது நாள் வரைக்கும் இருந்துக்கலாம்னு மலேசியா சொல்லுச்சுல்ல, அதத்தான் பிடிச்சுக்கிட்டு 2024 ஆடி மாசம் நானும் வீட்டுக்காரியும் கெளம்பிட்டோம். மதுரைல ஏர்போர்ட்டு இருக்குன்னுதான் பேரு, கோலாலம்பூருக்கு மாட்டுத்தாவணில பஸ் ஏறி திருச்சி போயித்தான் பறக்கணும், அந்த வயித்தெரிச்சல இன்னொரு நாள் தனியா எழுதுறேன். நான் சொல்ல வந்தது என்னன்னா அந்த விசா சலுகை நம்மளுக்கு மட்டும் குடுத்ததில்ல. ஒரே அறிவிப்புல சைனாக்காரங்களுக்கும் இந்தியாக்காரங்களுக்கும் சேத்துக் குடுத்தாய்ங்க. இமிக்ரேஷன் வரிசைல எனக்கு முன்னாடி சைனாவுல இருந்து வந்த டூர் கூட்டம், பின்னாடி திருச்சி கூட்டம். நடுவுல நாங்க ரெண்டு பேரு.

மறுநாள் காலைல "பசியாறிட்டியா மாப்ள"ன்னு கேட்டுட்டு மாமா கார எடுத்தாரு. போற வழியில வயக்காடு மாதிரி இருந்த எடத்துல எல்லாம் வரிசையா கான்கிரீட் தூணு நிக்குது, நம்ம நத்தம் ரோட்டு பறக்கும் பாலத்துக்கு போட்டாய்ங்களே அது மாதிரி, ஆனா அத விட ஒசரம். "என்ன மாமா இது"ன்னேன். "இதுதான் மாப்ள கிழக்குக்கரை ரயிலு. நஜிப் ஆரம்பிச்சான், மகாதீர் நிறுத்துனாரு, பெறகு அவரே தொடங்குனாரு, அன்வாரு முடிக்கப்போறாரு. நாலு பிரதமர் கைமாறி வந்துருச்சு, நம்ம வீட்டுக்குப் பின்னாடி தூணு வந்து நிக்கிற வரைக்கும் நான் நம்பல"ன்னாரு. (நாலு இல்ல, எண்ணிப் பாத்தா அஞ்சு. நடுவுல முகிதீன் யாசினையும் இஸ்மாயில் சப்ரியையும் சேத்து ஒண்ணாக்கிட்டாரு மாமா. அங்க 2018-ல இருந்து 2022-க்குள்ள அம்புட்டு வேகமா ஆளு மாறுச்சு, அவரையும் குத்தம் சொல்ல முடியாது.)

அந்த ரயில் கதைய அன்னைக்கு ராத்திரி முழுக்க மாமாகிட்ட கேட்டேன், ஊருக்கு வந்தும் தேடித் தேடி படிச்சேன். நம்ம வியாபாரத்துல தெனமும் நடக்குற கூத்துதான் அது, அதனால எனக்கு சட்டுன்னு வெளங்கிருச்சு.

2016 நவம்பர்ல நஜிப் பெய்ஜிங் போயி கையெழுத்து போட்டாரு. கிளந்தான், திரங்கானு, பகாங்னு கிழக்குப் பக்கம் இருக்குற மாநிலங்க கொஞ்சம் பின்தங்குன ஊருங்க, அங்க இருந்து மலையக் குடைஞ்சு மேற்குப் பக்கம் கிள்ளான் துறைமுகம் வரைக்கும் 688 கிலோமீட்டர் ரயிலு, ரேட்டு 5,500 கோடி வெள்ளி. கட்டுறது சைனா அரசாங்கத்தோட கம்பெனி, செலவுல 85 சதவீதத்த கடனா குடுக்குறது சைனா அரசாங்கத்தோட எக்சிம் பேங்க்கு. அதாவது கடைக்காரனே வட்டிக்கு பணமும் குடுத்து அந்தப் பணத்துல அவன் கடைலயே சாமான் வாங்கச் சொல்றது. இது சைனா மட்டும் பண்றதுன்னு நெனைக்க வேணாம், நம்ம தோப்பூர் எய்ம்ஸ்க்கும் ஜப்பான் கடன்தான், 2019 ஜனவரில அடிக்கல் நாட்டி வருசக்கணக்கா ஒத்தச் செங்கல வச்சு நம்மாளுக பேசிட்டு இருந்தோம். கடன் குடுக்குறவன் சும்மா குடுக்க மாட்டான், ஆனா வாங்குறவன் ரேட்டு விசாரிச்சானா இல்லையாங்கிறது ஒண்ணு இருக்குல்ல.

நஜிப் விசாரிச்ச மாதிரி தெரியல. அந்த நேரத்துல அவருக்கு 1எம்டிபி தலைவலி. அரசாங்க ஃபண்டுல இருந்து கோடி கோடியா காணாமப் போயி உலகம் பூரா நாறிட்டு இருந்துச்சு, அந்தக் கம்பெனியோட பவர் பிளான்ட்டுகள 2015-ல 983 கோடி வெள்ளிக்கு வாங்குனதே ஒரு சைனா அணுசக்தி கம்பெனிதான். கழுத்து வரைக்கும் தண்ணி வந்தவன் பேரம் பேசுவானா. அதே ஆட்சில சைனா கம்பெனிக்கு 940 கோடி வெள்ளிக்கு ரெண்டு பைப்லைன் வேலை குடுத்தாய்ங்க, ஆட்சி மாறுனதும் கணக்க தொறந்து பாத்தா 88 சதவீதம் பணம் போயிருச்சு, வேலை நடந்தது 13 சதவீதம். எங்க சந்துல ஒரு மேஸ்திரிக்கு மாடிப்படி கட்ட அட்வான்ஸ் குடுத்து ஏமாந்தவரு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட இந்த 88க்கு 13 கணக்கச் சொன்னேன், மனுசனுக்கு பத்து வருச பாரம் எறங்குன மாதிரி ஒரு சிரிப்பு.

2018 மே மாசம் எலெக்சன். மகாதீருக்கு 92 வயசு. ஏற்கனவே 1981-ல இருந்து 2003 வரைக்கும் பிரதமரா இருந்துட்டு வீட்ல உக்காந்தவரு, தான் வளத்த கட்சிய எதிர்த்தே நின்னு ஜெயிச்சாரு. ஜெயிச்ச ரெண்டு மாசத்துல ரயிலயும் நிறுத்துனாரு பைப்லைனயும் நிறுத்துனாரு. ஆகஸ்ட்ல பெய்ஜிங்குக்கே போயி, பக்கத்துல சைனா பிரதமர் லீ கெச்சியாங்க வச்சுக்கிட்டே, பணக்கார நாட்டோட போட்டி போட முடியாம ஏழை நாடுங்க தவிச்சா அது புது மாதிரி காலனி ஆட்சியா ஆயிரும்னு சொல்லிட்டு வந்தாரு. அதுக்கு முந்துன வருசந்தான் இலங்கை அம்பாந்தோட்டை துறைமுகத்த 99 வருச குத்தகைக்கு விட்டிருந்துச்சு, அதனால உலகப் பத்திரிகை எல்லாம் "ஆகா ஒருத்தன் எதுத்துட்டான்"னு கொண்டாடுனாய்ங்க.

எனக்கு இங்கதான் எங்கப்பா ஞாபகம் வந்தாரு. கொஞ்ச வருசத்துக்கு முன்னாடி சென்னை பாரிஸ்ல ஒரு மொத்த வியாபாரிகிட்ட தீபாவளி மால் எடுத்தேன், போன்ல சொன்ன ரேட்டு ஒண்ணு, பில்லுல வந்த ரேட்டு ஒண்ணு. ரத்தம் கொதிச்சு போச்சு, இனிமே ஒன் கடப்படி ஏறுனா ஏன்னு கேளுன்னு கத்தப்போனேன். அப்பாதான் போன புடுங்கி வச்சாரு. "கத்து, ஆனா கடைய மாத்துறேன்னு மட்டும் சொல்லாத. மால பிரிக்காம வையி, பாக்கிய குடுக்காத, ரெண்டு வாரம் அவனுக்கு போனே பண்ணாத. அவனே வருவான்"னாரு. வந்தான். முழுசா கொறைக்கல, கொறச்ச வரைக்கும் லாபம்னு வாங்கிட்டோம். அடுத்த வருசமும் அவன்கிட்டதான் எடுத்தேன், வேற எவன்கிட்ட அந்த ரேட்டுக்கு கெடைக்கும்?

மகாதீர் பண்ணதும் இதேதான். ரயில ரத்து பண்ணா 2,000 கோடி வெள்ளிக்கு மேல தண்டம் கட்டணும், கைல ஒரு தண்டவாளம் கூட மிஞ்சாது, அது அவருக்குத் தெரியும். வேலைய நிறுத்தி வச்சுட்டு தன்னோட பழைய நிதி மந்திரி டாயிம் சைனுதீன பேச அனுப்புனாரு. மாசக்கணக்கா பேசி 2019 ஏப்ரல்ல ரேட்டு 4,400 கோடிக்கு எறங்குச்சு. தூரமும் 640 கிலோமீட்டரா கொறஞ்சுச்சு, அதனால பூரா லாபம்னு சொல்ல முடியாது, ஆனா கிலோமீட்டருக்கு வகுத்துப் பாத்தாலும் கொறச்சல்தான், அது போக சிவில் வேலைல 40 சதவீதம் உள்ளூர் ஆளுகளுக்கு, ஓட்டுற கம்பெனில பாதிக்குப் பாதி பங்கு. அதே மாசம் மகாதீரு மறுபடி பெய்ஜிங் போயி சைனாவோட பட்டுப்பாதை மாநாட்டுல உக்காந்து, நாடு நாடா ரயிலு துறைமுகம்னு கட்டுற அந்தத் திட்டத்த ஆதரிச்சு பேசுனாரு, அடுத்த மாசம், அமெரிக்கா வேணாங்குற சைனா போன் கம்பெனி ஹூவாவேயோட சாமான முடிஞ்ச வரைக்கும் நாங்க பயன்படுத்துவோம்னும் சொல்லிட்டாரு. எதுத்துட்டான்னு கொண்டாடுனவய்ங்களுக்கு இது என்னன்னே புரியல. எங்கப்பாவ கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பாரு.

பெறகு அடுத்தடுத்து வந்தவய்ங்க பாதைய மாத்தி இழுத்து இப்ப 665 கிலோமீட்டர், 5,000 கோடி சொச்சம். மலைக்கு அடில 16 கிலோமீட்டருக்கு மேல ஒரு சுரங்கம் வேற. 2027 ஜனவரில கிளந்தான்ல இருக்குற கோத்தபாருல இருந்து கோலாலம்பூர் பக்கத்துல கோம்பாக் வரைக்கும் ஓடும்னு சொல்லியிருக்காய்ங்க, மாமா வீட்டுப் பக்கம் வர்றது அதுக்கப்பறம்.

ஆனா மகாதீரோட இந்த சாமர்த்தியம் எல்லா எடத்துலயும் செல்லுபடி ஆகல, அதுவும் நம்ம ரேஷன் கடை சம்பந்தப்பட்ட விசயம். 2019 செப்டம்பர்ல ஐநா சபைல காஷ்மீர் பத்தி இந்தியாவ தாக்கி பேசிட்டாரு. அப்ப மலேசியா பாமாயில ஒலகத்துலயே அதிகமா வாங்குறது இந்தியாதான். நம்ம ரேஷன்ல 25 ரூபாக்கு குடுக்குறாய்ங்களே ஒரு பாக்கெட்டு, அந்த எண்ணெய் வகைதான். 2020 ஜனவரில இந்தியா சுத்திகரிச்ச பாமாயில் இறக்குமதிக்கு கட்டுப்பாடு போட்டுச்சு, அது ரொம்ப அடிச்சது மலேசியாவத்தான். மகாதீர் என்ன சொன்னாருன்னா, பதிலடி குடுக்குற அளவுக்கு நாங்க பெரிய நாடு இல்லைன்னு. சைனாகிட்ட பாக்கி கைல இருந்துச்சு, வேலையும் பாதில நின்னுச்சு, பேச எடம் இருந்துச்சு. நம்மகிட்ட அவரு விக்கிறவரு, வாங்குறவன் முகத்த திருப்பிட்டா விக்கிறவன் என்ன பண்ணுவான். மாமா அப்ப எனக்கு போன் போட்டு "ஏண்டா மாப்ள உங்காளுக இப்பிடி பண்றாய்ங்க"ன்னு கேட்டாரு, நானும் "ஏன் மாமா உங்காளு அப்பிடி பேசுனாரு"ன்னு கேட்டேன், அத்தை போன புடுங்கி "வெங்காயம் அங்க என்ன வெல"ன்னு பேச்ச மாத்திருச்சு.

ட்ரிப்புல ஒரு நாள் ஜோகூர் பக்கம் போனோம், மச்சான் அங்க வேலை பாக்குறான். அவன்தான் ஃபாரஸ்ட் சிட்டிக்கு கூட்டிட்டு போனான். கடல மண்ணு போட்டு மூடி தீவா ஆக்கி, 10,000 கோடி டாலர் திட்டம், 7 லட்சம் பேரு குடியிருப்பாய்ங்கன்னு சொல்லி சைனாவோட கன்ட்ரி கார்டன் கம்பெனி ஆரம்பிச்சது, கூட்டுக் கம்பெனில ஜோகூர் சுல்தானுக்கும் பங்கு உண்டு, அவருதான் இப்ப மலேசியாவுக்கே மாமன்னரு. சைனாவுல வசதியானவய்ங்க ரெண்டாவது வீடா வாங்குவாய்ங்கங்கிறது கணக்கு. சைனா அரசாங்கம் வெளிநாட்டுக்கு பணம் போறத இறுக்கிப் பிடிச்சிருச்சு, 2018-ல மகாதீர் வந்து வெளிநாட்டுக்காரனுக்கு இங்க எடமில்லைன்னாரு, பெறகு கொரோனா, கடைசில 2023-ல அந்தக் கம்பெனியே கடன கட்ட முடியாம விழுந்துருச்சு. நாங்க போனப்ப சாயங்காலம் ஏழு மணி இருக்கும். வானம் முட்ட கட்டடம், லைட்டு எரியுற ஜன்னல விரல் விட்டு எண்ணிரலாம். சீப்பா பீர் கெடைக்கும்னு வந்த ஆளுகதான் பீச்சுல உக்காந்திருந்தாய்ங்க. வீட்டுக்காரி அண்ணாந்து பாத்துட்டு "கும்பாபிசேகம் பண்ணாத கோவில் மாதிரி இருக்கு"ன்னா.

இதுல ஒரு விசயம் வெளிய இருந்து பாக்குற நம்மளுக்கு புரியாது. மலேசியாவுல சீனர்கள் நூத்துக்கு இருவது பேருக்கு மேல இருக்காங்க, நம்ம தமிழாளுக மாதிரியே தலைமுறை தலைமுறையா அங்க பொறந்து வளந்தவங்க. நான் பேச்சுவாக்குல "ஒங்க ஊரு சீனாக்காரன் சீனாவுக்குத்தான் சப்போட்டா இருப்பான்"னு சொல்லிட்டேன், மாமா சட்டுன்னு கோவப்பட்டாரு. "இங்கத்து சீனன் வேற, சீனாக்காரன் வேற மாப்ள. எங்க தவுக்கேவ கேட்டுப்பாரு யாரு அவன் வயித்துல அடிக்கிறதுன்னு"ன்னாரு. தவுக்கே விக்கிறது பாத்ரூம் சாமான், பிளாஸ்டிக்கு. அதே சாமான சைனாவுல இருந்து ஆன்லைன்ல நேரா வீட்டுக்கு வரவச்சா பாதி வெல. 2024 ஜனவரில இருந்து 500 வெள்ளிக்கு கீழ உள்ள அந்த மாதிரி ஆன்லைன் இறக்குமதிக்கு 10 சதவீதம் வரி போட்டிருக்காய்ங்க, அது பத்தாதுன்னு தவுக்கே பொலம்புறாராம். நம்ம பக்கம் சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டிக்காரங்க சைனா லைட்டர பத்தி பொலம்புனதும், 2023-ல இருவது ரூபாக்கு கம்மியான லைட்டர் இறக்குமதிய தடை பண்ணதும் ஞாபகம் வந்துச்சு. அப்ப அந்த லைட்டர வித்துட்டு இருந்தவன்ல நானும் ஒருத்தன், அத நான் மாமாகிட்ட சொல்லல.

சொல்லப்போனா இந்த சைனா சகவாசம் நேத்து ஆரம்பிச்சது இல்ல. மலாக்கா போனப்ப செங் ஹோன்னு சைனா கடற்படைத் தளபதி பேர்ல ஒரு மியூசியம் பாத்தோம், அறுநூறு வருசத்துக்கு முன்னாடி கப்பல் கூட்டத்தோட அந்தப் பக்கம் வந்து போனவரு. அவரு 1409-ல எழுத வச்ச கல்வெட்டு இலங்கை காலில கெடைச்சு இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு, சீனம், பாரசீகம், அப்புறம் நம்ம தமிழு, மூணு மொழில. தமிழ்ப் பகுதில தெனாவரை நாயினார்ங்கிற சாமிக்கு காணிக்கை குடுத்த விவரம். அந்தக் கடல்ல வியாபாரம் பண்ணனும்னா தமிழ்ல எழுதி ஆகணும்ங்கிற நெலமை அப்ப. இந்தக் காலத்துல பாத்தா ஆசியான்னு சொல்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகள்ல சைனாவ முதல்ல அங்கீகரிச்சதே மலேசியாதான், 1974 மே மாசம், நஜிப்போட அப்பா துன் ரசாக் பெய்ஜிங் போயி மாவோவ பாத்துட்டு வந்தாரு. இத்தனைக்கும் சைனா ஆதரவுல கம்யூனிஸ்டுங்க மலேசியா காட்டுக்குள்ள துப்பாக்கியோட அலைஞ்சிட்டு இருந்த நேரம் அது.

அன்வார் இப்ராகிம் 2022 நவம்பர்ல வந்தாரு. இவரு திட்டவும் இல்ல, கழுத்து வரைக்கும் தண்ணியும் இல்ல. 2023 மார்ச்ல சைனா போயி 17,000 கோடி வெள்ளி முதலீட்டுக்கு வாக்கு வாங்கிட்டு வந்தாரு. வாக்குதான், பணம் வந்து சேந்தா சரி. 2024-ல ஐம்பதாவது வருசம் கொண்டாட சைனா பிரதமர் லீ சியாங் வந்தாரு, மலேசிய டுரியான் பழத்த ஃப்ரெஷ்ஷா இறக்க சைனா ஒத்துக்கிச்சு, மாமாவுக்கு அதுலதான் கோவம், "எல்லாம் சீனாவுக்கு போச்சுன்னா நம்ம எத திங்கிறது"ன்னு. 2025 ஏப்ரல்ல ஷி ஜின்பிங்கே வந்தாரு, 31 ஒப்பந்தம். கடல் தகராறும் ஒரு பக்கம் அது பாட்டுக்கு ஓடுது, சரவாக் கரைக்கு அங்கிட்டு மலேசியா எண்ணெய் எடுக்குற எடத்துல சைனா கோஸ்ட்கார்டு கப்பல் சுத்திக்கிட்டே இருக்கும், பிலிப்பைன்ஸ்காரன் மாதிரி இவய்ங்க வீடியோ எடுத்து போடுறதில்ல, தோண்டுறத நிறுத்துறதும் இல்ல.

எனக்கு அன்வார்கிட்ட பிடிச்ச காட்சி 2025 அக்டோபர்ல நடந்ததுதான். ட்ரம்ப் கோலாலம்பூர் வந்து ஏர்போர்ட்டுல ஆடுனாருல்ல, அன்னைக்கே மலேசிய சாமானுக்கு அமெரிக்கா போட்ட 19 சதவீத வரிய அப்பிடியே வச்சுக்கிட்டு ஒரு வர்த்தக ஒப்பந்தம் அமெரிக்காவோட போட்டாய்ங்க. ரெண்டே நாள்ல அதே ஊர்ல சைனாவுக்கும் ஆசியான் நாடுகளுக்கும் உள்ள சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்த புதுப்பிச்சு கையெழுத்து. அமெரிக்கா ஒப்பந்தத்த பாத்து சைனா மொறைச்சுச்சு, நூறு வயசு தாண்டுன மகாதீரு வழக்கம் போல அன்வார திட்டுனாரு. எனக்கு என்னமோ தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மொத்த வியாபாரிய ஒரே வாரத்துல கடைக்கு வரச்சொல்லி ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுத்த மாதிரிதான் தெரிஞ்சுச்சு. இது எத்தன வருசம் ஓடும்னு கேட்டா, 2009-ல இருந்து மலேசியாவோட பெரிய வியாபாரக் கூட்டாளி சைனாதான், ஒரே ஆள்கிட்ட அம்புட்டு மால் எடுத்தா ஒரு நாள் அவன் சொல்றதுதான் ரேட்டுன்னு ஆயிரும், அந்தப் பயம் எனக்கு இருக்கு. என் கடைக்கும் இருக்கு.

போன மாசம் மாமா வாட்சப்புல ஒரு போட்டோ அனுப்புனாரு. மச்சான் புதுக் கார் எடுத்திருக்கான், புரோட்டான் கம்பெனியோட எலெக்ட்ரிக் காரு. டயருக்கு அடில எலுமிச்சம்பழம், முன்னாடி மாலை, பக்கத்துல அத்தை தேங்காயோட நிக்குது. புரோட்டான் 1983-ல மகாதீர் ஆரம்பிச்ச கம்பெனி, அப்ப ஜப்பான் மிட்சுபிஷி கூட்டு, 2017-ல சைனாவோட ஜீலி 49.9 சதவீதம் வாங்கிருச்சு, இந்த மாடலும் ஜீலியோட மாடல் மேல கட்டுனதுதான். "என்ன மாமா, சைனா வண்டிய தொட மாட்டேன்னு சொன்னீங்க"ன்னு கேட்டேன்.

"சைனா எங்கடா, இது நம்ம மகாதீர் வண்டி"ன்னாரு. அப்புறம், "ஒன் கடைல டேஷ்போர்டுல வைக்கிற முருகன் சிலை இருந்துச்சுல்ல, சின்னதா, வேலோட, அதுல ஒண்ணு அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வா, இங்க கெடைக்கிறது எல்லாம் சைனா சாமானு"ன்னாரு.

சரி மாமான்னு சொல்லி வச்சிட்டேன்.